புதிய அட்டைக்கு இடம் கொடுக்க எந்த அட்டையை எழுப்புவது?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 360 அட்டைகளோடு ‘மேஜிக்’ அட்டை விளையாட்டுக்கான கியூப் ஒன்றைத் தொடங்கினாராம். புதிய தொகுப்பு வரும்போதெல்லாம் பிடித்தவற்றைச் சேர்த்துச் சேர்த்து இப்போது அது 540 ஆகிவிட்டது. போயா எனும் முழுநிலா விடுமுறைகளில் ஆறு பேர் கூடி விளையாடுகிறார்கள். “அட்டைகள் முன்பைவிட நல்லவை, ஆட்டம் மட்டும் முன்போல் சுவைக்கவில்லை. இந்த முறையும் முப்பது அட்டைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எவற்றைச் சேர்க்கலாம், அண்ணா?” என்பது அவருடைய கேள்வி.

விளையாட்டை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வெளிவந்தது ‘மேஜிக்: த கேதரிங்’. கடையில் விற்கும் பொதிகளை உடைத்து விளையாடுவதற்குப் பதிலாக, நாமே தேர்ந்து சேர்த்த அட்டைத் திரட்டுக்குக் கியூப் என்று பெயர். பெரும்பாலும் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பிரதிதான் இருக்கும். அதைக் கலைத்து, ஆளுக்கு 15 அட்டைகள் கொண்ட மூன்று பொதிகளாகப் பிரிப்போம். பொதியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவோம். இப்படிச் சேர்ந்த 45இலிருந்து ஏறக்குறைய 23ஐத் தேர்ந்து, 17 லேண்டுகளைச் சேர்த்து, 40 அட்டைகளில் ஒரு கட்டுக் கட்டி மோதுவோம். இதுதான் டிராஃப்ட். ஓர் அட்டையை இறக்கக் கொடுக்கும் விலை மானா, அதைத் தருபவை லேண்டுகள். அட்டைகள் வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்ற ஐந்து நிறங்களில் வரும்.

தம்பி, உங்கள் முப்பது அட்டைகளைப் பார்க்கும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போடுவோம். ஆறு பேர் இருந்தால் ஓர் ஆட்டத்துக்கு 270 அட்டைகள் மேசைக்கு வரும். உங்கள் கியூப் 360ஆக இருந்தபோது நான்கில் மூன்று பங்கு அட்டைகள் ஒவ்வொரு முறையும் வந்தன. 540 ஆனபின் பாதிதான் வருகிறது. கிரியேச்சர் என்றால் நமக்காகச் சண்டையிடும் அட்டை. செத்த கிரியேச்சரைத் திரும்ப எழுப்பும் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ‘ரீஅனிமேட்’ போன்ற எட்டு அட்டைகளை வைத்திருந்தீர்கள் என்றால், அன்று சராசரியாக ஆறு வந்திருக்கும். இன்று நான்கு வரும், அந்த நான்கும் ஆறு பேர் கைகளில் சிதறிப் போகும். அந்தக் கட்டை இப்போது யாராலும் கட்ட முடியாது. உங்கள் அட்டைகள் நல்லவையாகிக்கொண்டே போக, கட்டுகள் மெலிந்துகொண்டே போயின. சுவை குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் பாருங்கள். போயாவுக்குப் போயா விளையாடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஆட்டம். 540இல் ஒரு புதிய அட்டை ஆண்டுக்கு ஆறு முறைதான் பொதியில் தலைகாட்டும். 2025இல் மட்டும் ஆறு பெரிய தொகுப்புகள் வந்தன. அவற்றில் ஃபைனல் ஃபேன்டசி, ஸ்பைடர்மேன், அவதார் என மூன்று வெளி உலகங்களைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் புது அட்டைகள். ஒவ்வொரு தொகுப்புக்கும் நீங்கள் கியூபை மாற்றினால், போன முறை சேர்த்த அட்டையை ஒரே ஒரு தடவை பார்த்த கையோடு அதற்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். நான் ஆண்டில் இரண்டு தடவைதான் கை வைப்பேன்: தைப்பொங்கலுக்கு முன் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை. இடையில் எது வந்தாலும் ஒரு கொப்பியில் பெயரை எழுதி வைப்பதோடு சரி. மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால், எழுதியதில் பாதி எதற்காக எழுதினோம் என்பதே நினைவில் இருக்காது. அந்தப் பாதியைப் பற்றி அதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். “இந்த அட்டை நல்லதா?” என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிடுங்கள். “இது உள்ளே வர எது எழுந்து போக வேண்டும், அது போனால் எங்கள் மேசையில் யாருக்குக் குறையும்?” என்று கேளுங்கள். எழுப்ப வேண்டிய அட்டையின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் புதிய அட்டை வெளியே நிற்கட்டும்.

304 என்ற கடதாசி ஆட்டத்தை விளையாடி வளர்ந்த நமக்கு இது புதிய பாடம் இல்லை. அந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, ராணிக்கு வெறும் 2. அதே கடதாசிக் கட்டை எடுத்து வேறோர் ஆட்டம் ஆடினால் ஆசு எல்லாவற்றுக்கும் மேலே போய்விடும், ஒன்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடதாசி மாறவில்லை, ஆட்டம்தான் மாறியது. மேஜிக்கிலும் பெரும் புகழோடு வரும் அட்டை எந்த ஆட்டத்தில் அந்தப் புகழைச் சம்பாதித்தது என்று பார்க்க வேண்டும். 2000இல் வந்த ‘ரிஸ்டிக் ஸ்டடி’ நான்கு பேர் மோதும் கமாண்டர் மேசையில் பெரிய அட்டை. அங்கே மூன்று எதிராளிகள் ஒருவர் மாற்றி ஒருவர் உங்களுக்கு அட்டை எடுத்துக் கொடுப்பார்கள். இருவர் மோதும் நம் ஆட்டத்தில் அதே அட்டை மூன்று மானாவைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் முப்பதில் “ஒவ்வோர் எதிராளியும்” என்று தொடங்கும் வரிகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை வேறு மேசைக்காகப் பிறந்தவை.

எழுப்பக் கூடாத அட்டை எப்படி இருக்கும் என்பதற்கு என் கியூபிலிருந்து ஓர் உதாரணம். ‘மல்டிரிஃப்டர்’ 2007இல் லோர்வின் தொகுப்பில் சாதாரண அட்டையாக வந்தது. ஐந்து மானா, பறக்கும் 2/2 (அடிக்கும் வலு 2, தாங்கும் வலு 2), உள்ளே வந்ததும் இரண்டு அட்டைகள் தரும். மூன்று மானா மட்டும் கொடுத்தால் அந்த இரண்டு அட்டைகளையும் கொடுத்துவிட்டுச் செத்துவிடும். தனியாகப் பார்த்தால் அதைவிட வலுவான ஐந்து மானா அட்டைகள் இந்தப் பத்து ஆண்டுகளில் ஏராளமாக வந்துவிட்டன. ஒவ்வோர் ஆடியிலும் யாராவது ஒருவர் அதை வெளியேற்றச் சொல்வார். நான் மறுப்பேன்.

காரணத்தைப் போன மார்கழியில் எல்லோருமே கண்ணால் கண்டோம். வெளியே வாடைக்காற்றோடு மழை, மின்சாரம் போய் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். நீலமும் வெள்ளையும் எடுத்திருந்த தங்கை ஒருத்தி மூன்று மானாவுக்கு மல்டிரிஃப்டரை இறக்கினாள். அது சாகும் முன் நான்காவது மானாவில் ‘எஃபெமரேட்’ என்ற அட்டையைப் போட்டாள். மல்டிரிஃப்டர் ஒரு கணம் மறைந்து மீண்டும் உள்ளே வந்தது. திரும்பி வந்தது புதிய கிரியேச்சராகக் கருதப்படுவதால் சாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. முதல் வருகைக்கு இரண்டு அட்டைகள், இரண்டாவது வருகைக்கு இரண்டு. அடுத்து அவள் முறை வந்ததும் எஃபெமரேட் தானாகவே மறுபடி நடந்தது, இன்னும் இரண்டு. நான்கு மானாவுக்கு ஆறு அட்டைகள், மேசையில் பறக்கும் ஒரு கிரியேச்சர். எதிரே இருந்தவர் தோற்றுக்கொண்டே சிரித்தார்.

அதே மல்டிரிஃப்டரை, ஆட்டத்தை நீட்டித்து வெல்லப் பார்ப்பவர் ஐந்து மானா கொடுத்து இறக்குவார். செத்ததை எழுப்பும் கட்டுக்காரர் மூன்று மானாவுக்கு இறக்கிச் சாகவிட்டுப் பிறகு எழுப்புவார். மூன்று வகைக் கட்டுக்காரர்கள் மூன்று காரணங்களுக்காக அதற்குக் கை நீட்டுகிறார்கள். இப்படிப் பல கட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் அட்டையை எழுப்பிவிட்டு, தனியே நின்று வெல்லும் ஓர் அட்டையை உட்கார வைத்தால் மூன்று கட்டுகளில் ஒவ்வொரு தையல் பிரிந்துவிடும். வயது இதில் ஒரு பொருட்டே இல்லை. ‘லைட்னிங் போல்ட்’ 1993இன் முதல் தொகுப்பிலேயே வந்தது. ஒரு சிவப்பு மானாவுக்கு மூன்று சேதம். என் கியூபில் அதன் கதிரையை இன்றுவரை எதுவும் கேட்கவில்லை.

மறுபக்கத்து உதாரணம் ‘ஓர்கிஷ் போமாஸ்டர்ஸ்’. 2023இல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் தொகுப்பில் வந்த கறுப்பு அட்டை. இரண்டு மானா, 1/1, எதிராளியின் நேரத்திலும் இறக்கலாம். உள்ளே வந்ததும் விரும்பிய இலக்குக்கு ஒரு சேதம், கூடவே ஒரு சின்னப் படை டோக்கன், அதாவது கட்டில் இல்லாமல் மேசையில் அடையாளமாக வைக்கும் கிரியேச்சர். எதிராளி தன் முறையில் வழக்கமாக எடுக்கும் முதல் அட்டையைத் தவிர வேறு எதை எடுத்தாலும் மீண்டும் ஒரு சேதம், படையும் வளரும். இதைச் சேர்க்க நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இரண்டு மானாவில் இருந்த ஒரு சாதுவான கறுப்பு அட்டையை எழுப்பினேன், விலைக்கு விலை சரியாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று போயாக்களில் நடந்ததைச் சொல்கிறேன். பச்சை விளையாடுபவர் முதல் முறையில் ‘லனோவார் எல்வ்ஸ்’ இறக்குவார். மானா தரும் அந்த 1/1 மறுமுறையே போமாஸ்டர்ஸ் கையால் சாகும். ‘யங் பைரோமான்சர்’, ‘ஸ்னாப்காஸ்டர் மேஜ்’, ‘தாலியா’ என நாங்கள் ஆசையாகச் சேர்த்த இரண்டு மானாக் கிரியேச்சர்கள் எல்லாம் 2/1. எல்லாவற்றுக்கும் அதே கதி. எங்களோடு விளையாடும் ஆசிரியர் ஒருவர் எப்போதும் நீலம் எடுப்பவர். அவர் ‘பிரெயின்ஸ்டோர்ம்’ போட்டு மூன்று அட்டைகள் எடுத்தார். எதிரே போமாஸ்டர்ஸ் நின்றது. மூன்று சேதம், 1/1ஆக இருந்த படை ஒரே கணத்தில் 4/4. மூன்றாவது போயாவில் எல்வ்ஸ் கடைசி மூன்று அட்டைகளில் ஒன்றாகச் சுற்றி வந்தது. யாரும் எடுக்கவில்லை. பச்சையை முதன்மையாக எடுக்க யாரும் முன்வரவும் இல்லை.

நான் எழுப்பியது ஒரு கறுப்பு அட்டையை. உண்மையில் எழுந்து போனவை இருபதுக்கு மேல், அவற்றில் ஒன்றுகூடக் கறுப்பு இல்லை. அவை பெட்டியில் இருந்தன, ஆனால் யார் கட்டிலும் இல்லை. அந்த ஆடியில் போமாஸ்டர்ஸை எடுத்துவிட்டேன். அது கெட்ட அட்டை இல்லை. சின்னக் கிரியேச்சர்களை நம்பாத, எல்லோரும் முழு வலுவோடு மோதும் கியூபில் அது மிகச் சரியான அட்டையாக இருக்கும். எங்கள் மேசை சின்னக் கிரியேச்சர்களை விரும்பும் மேசை. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பற்றிக் கேளுங்கள்: இது யாருடைய இடத்தில் உட்காரும் என்பதோடு, உட்கார்ந்த பின் யாரையெல்லாம் எழுந்து போக வைக்கும்?

இரண்டு நிற அட்டைகளில் இன்னும் கறாராக இருங்கள். ஐந்து நிறங்களில் பத்து இணைகள் உண்டு. ஆறு பேரும் ஆளுக்கு ஓர் இணை எடுத்தால், ஓர் இணைக்குச் சராசரியாக ஒரு முழு ஆள்கூட இல்லை. மிகவும் கவர்ச்சியாகத் தெரிபவை இந்த அட்டைகள்தான், பல ஆட்டங்களில் எடுக்க ஆளில்லாமல் சுற்றுபவையும் இவைதான். ‘கிச்சன் ஃபிங்க்ஸ்’ போன்றவை இதற்கு விலக்கு. அதன் மானாவைப் பச்சையாலும் தரலாம், வெள்ளையாலும் தரலாம். பச்சைக்காரர், வெள்ளைக்காரர் இருவருமே அதற்குப் போட்டியிடுவார்கள். ஓர் இணைக்கு மூன்று அட்டைகளுக்கு மேல் நான் வைப்பதில்லை. நான்காவது வந்தால் மூன்றில் ஒன்று போக வேண்டும்.

எழுப்பும் அட்டையும் வரும் அட்டையும் ஒரே மானா விலையில் இருப்பது நல்லது. இதை மீறும்போது எப்போதும் ஒரே திசையில்தான் மீறுகிறோம்: எளிமையான ஒரு மானா 2/1 ஒன்றை எடுத்துவிட்டு, ஐந்து மானாப் பறவை நாகத்தைப் போடுகிறோம். ஒருமுறை செய்தால் தெரியாது. ஐந்தாறு முறை செய்தபின், வேகமாக அடித்து முடிக்கும் சிவப்புக் கட்டு செத்துப் போயிருக்கும், எல்லோரும் ஆறாவது லேண்ட் வரும்வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் 540ஐ விலை வாரியாக அடுக்கிப் பாருங்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் ஒரு மானா அடுக்கு உயரமாக இல்லாவிட்டால் முதலில் அதை நிரப்புங்கள். லேண்டுகளிலும் கை வைக்காதீர்கள். அவற்றை எடுத்து யாரும் மகிழ்வதில்லை, ஆனால் அவை இல்லாமல் இரண்டு நிறக் கட்டு ஓடாது.

இன்னொரு சோதனை நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. மேஜிக் தமிழில் அச்சாவதில்லை. எங்கள் மேசையில் எல்லோரும் ஆங்கிலம் படிப்பவர்கள்தான், ஆனால் எட்டு வரி நுணுக்க எழுத்தை அந்தி வெளிச்சத்தில் படித்துப் புரிந்துகொண்டு, பொதியை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும் என்றால் எவருக்கும் கடினம். ஆகவே புதிய அட்டையைத் தமிழில் ஒரே மூச்சில் சொல்லிப் பார்ப்பேன். லைட்னிங் போல்ட்: “ஒரு மானா, மூன்று சேதம், எங்கே வேண்டுமானாலும்.” மல்டிரிஃப்டர் இரண்டு மூச்சு. நான்கு மூச்சு பிடிக்கும் அட்டை அதற்கேற்ற மகிழ்ச்சியைத் தர வேண்டும். பகல், இரவு மாறுவதை ஆட்டம் முழுக்க நினைவில் வைக்கச் சொல்லும் 2021இன் இன்னிஸ்ட்ராட் அட்டைகளை இந்தக் காரணத்துக்காகவே நான் சேர்க்கவில்லை.

பளபளக்கும் ஃபாயில் அட்டைகளையும் நான் தவிர்க்கிறேன். கடற்காற்றின் ஈரத்தை அட்டையின் தாள் உறிஞ்சும், மேலே உள்ள படலம் உறிஞ்சாது. வாடை மாதங்களில் அவை வில்லாக வளைந்து, உறைக்குள் இருந்தாலும் அடுக்கில் தனித்துத் தெரியும். அடுத்து வரப்போவது எது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆட்டம் நேர்மையாக இருக்காது.

எவை வெளியேறத் தக்கவை என்பதை மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மேசையே சொல்லும். ஆறு பேர் ஆடும்போது நீங்கள் முதலில் பிரித்த பொதி ஏழாவது தேர்வில் உங்களிடம் திரும்பி வரும், பதின்மூன்றாவது தேர்வில் மீண்டும் வரும். அப்போது அதில் மூன்று அட்டைகள் எஞ்சியிருக்கும். அந்த மூன்றின் பெயர்களையும் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டு எடுக்கட்டும். 18 பொதிகள், 54 பெயர்கள். மூன்று ஆட்டங்களிலும் அந்தப் பட்டியலில் வரும் அட்டையைப் பற்றி யோசிக்க எதுவும் இல்லை.

அதைவிட நுட்பமான சான்று ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் கட்டில் சேராமல் ஒதுங்கிய அட்டைகளைப் பாருங்கள். எடுக்கப்பட்ட 270இல் ஏறக்குறைய 138தான் ஆடப்படும். முதல் மூன்று தேர்வுகளுக்குள் ஆவலாக எடுக்கப்பட்டு, கடைசியில் கட்டில் இடம் கிடைக்காத அட்டைகள் அந்த ஒதுங்கிய குவியலில் இருக்கும். அழகாகத் தெரிந்து ஏமாற்றுபவை அவை. மற்றவர்கள் கடைசியில் விட்டுவைத்ததை ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் எடுத்து, அதைக் கொண்டே வெல்கிறார் என்றால் அதைத் தொடாதீர்கள். அது அவருடைய அட்டை.

புதியவற்றை உடனே வாங்கவும் வேண்டாம். இங்கே அட்டைகள் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பெட்டியிலோதான் வர வேண்டும். அட்டையின் பெயர், மானா விலை, வரிகளை ஒரு வெள்ளைத் தாளில் பேனையால் எழுதி, ஒரு சாதாரண லேண்டின் மேல் வைத்து உறைக்குள் செருகுங்கள். மூன்று முறை அது மேசைக்கு வரட்டும். படமும் பளபளப்பும் இல்லாத கையெழுத்துத் தாளை இருவராவது முதல் ஐந்து தேர்வுகளுக்குள் எடுத்தார்கள் என்றால் அதை வாங்கலாம்.

உங்கள் முப்பதில் இந்த முறை ஆறுக்கு மேல் சேர்க்க வேண்டாம், தம்பி. அதற்கு முன் 540ஐ 360க்குக் கொண்டுவர வேண்டும். 180 அட்டைகளை எழுப்புவது மனத்துக்குக் கடினம் என்று எனக்குத் தெரியும், தேடித் தேடிச் சேர்த்தவை அல்லவா? அவற்றை விற்காதீர்கள், மூடி இறுகிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். போமாஸ்டர்ஸ் போன பின் யங் பைரோமான்சர் மீண்டும் எங்கள் மேசையில் சண்டைபிடித்து எடுக்கப்படும் அட்டையாகிவிட்டது. உங்கள் பெட்டியிலிருந்தும் சில திரும்பி வரும்.

வரும் போயாவுக்கு அந்த 540ஐயும் எடுத்துக்கொண்டு உவர்மலைக்கு வாருங்கள். விறாந்தையில் பாயை விரித்து, நிறம் நிறமாக, விலை விலையாகப் பரப்பிப் பார்ப்போம். காலை முழுவதும் பிடிக்கும், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். உங்களோடு விளையாடும் ஐந்து பேரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். எந்த அட்டை எழுந்து போனால் யாருக்குக் குறையும் என்பதை அவர்கள் வாயால்தான் கேட்க வேண்டும்.